மதுரையில் பழைய காருக்குப் பட்டறை பிடிப்பது எப்படி: ஆர்.சி. புத்தகம் முதல் டெலிவரி வரை

"நல்ல பட்டறையா ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் தாத்தாவின் அம்பாசடர் நிற்கும், இல்லை உசிலம்பட்டிப் பக்கம் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த பிரீமியர் பத்மினியை ஆசைப்பட்டு வாங்கியிருப்பார்கள், கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கும், உடனே பட்டறை தேடக் கிளம்பிவிடுவார்கள். நான் பெயர் சொல்வதில்லை. என் வண்டிக்கு நன்றாக வேலை பார்த்தவரே உங்கள் வண்டிக்கும் பார்ப்பார் என்று சொல்ல முடியாது, என் வண்டியில் இருந்தது எஞ்சின் வேலை, உங்கள் வண்டியில் இருப்பது முழுக்கத் தகர வேலையாக இருக்கலாம்.

அப்பாவின் பத்மினியை இரண்டு பட்டறை மாற்றி மூன்று வருடத்தில் முடித்தேன். அதற்குப் பிறகு நண்பர்கள் ஐந்தாறு பேரோடு பட்டறை பட்டறையாக அலைந்திருக்கிறேன். எல்லாரும் சறுக்குவது வரிசையில்தான். பட்டறை தேடுவது ஐந்தாவது வேலை, அதை முதல் வேலையாகச் செய்துவிடுகிறார்கள். கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் போங்கள், ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் ஆர்.சி. புத்தகம்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தையும் ஒரு டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போங்கள். புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருக்கின்றனவா, ஒரு எழுத்து பிசகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் இடையில் யாராவது எஞ்சினை மாற்றிவிட்டுப் புத்தகத்தில் ஏற்றாமல் விட்டிருப்பது சாதாரணம். வண்டி முடிந்து பளபளவென்று நிற்கும்போது இது தெரிய வந்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அத்தனை உழைப்பும் முடங்கிவிடும்.

அடுத்து, புத்தகம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம், அதற்குப் பிறகு படிவம் 25 கொடுத்து 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். பேச்சில் இதையும் எஃப்.சி. காட்டுவது என்றுதான் சொல்கிறோம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பல பழைய புத்தகங்கள் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது, அப்படியிருந்தால் எந்த அலுவலகத்தில் பதிவானதோ அங்கே போய் பழைய பதிவை ஏற்றச் சொல்லவேண்டும். மதுரை தெற்கு டி.என். 58, வடக்கு 59, மத்தி 64 என்பது தெரிந்ததுதான், ஆனால் அந்த எண்கள் வருவதற்கு முந்தைய வண்டியென்றால் இப்போது எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று நேரில் கேட்டுவிடுங்கள். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31, வெளிமாநில வண்டியென்றால் அங்கிருந்து படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று. இதெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும், அதனால்தான் முதலிலேயே ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

வண்டி முதன்முதலில் பதிவாகி 50 வருடம் தாண்டியிருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி அதை வின்டேஜ் வண்டியாகப் பதியலாம், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, சர்வீஸுக்குப் போவது என்று விதியில் சொன்ன காரியங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். பாடி, சேசிஸ், எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அழகர்கோயில் போய்வர வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசையென்றால் சாதாரணப் புதுப்பித்தல்தான் சரி. எந்த வழி என்பது பட்டறைக்குப் போவதற்கு முன்னால் முடிவாகியிருக்கவேண்டும், வேறு எஞ்சினை இறக்கிய பிறகு யோசித்துப் பயனில்லை.

சேசிஸ் எண் பொறித்த இடத்தையும், கம்பெனி பதித்த எண் தகடுகளையும் போட்டோ எடுத்து வையுங்கள். டிங்கர், அதாவது தகர வேலை பார்ப்பவர், அந்தத் தகரத்தை வெட்டி எறிந்தாலோ, பெயிண்டர் தகட்டைக் கழற்றித் தொலைத்தாலோ வண்டியின் அடையாளமே போய்விடும்.

2. ஒரு முழு நாள் வண்டியை நீங்களே பாருங்கள்

மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும் என்று விடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த குறைகளை வைத்துத்தான் பட்டறைக்காரரை எடைபோடப் போகிறீர்கள்.

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பாடி முழுக்க வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பூச்சு, கனமாக இருக்கிறது, பட்டிக்குக் கீழே பெரும்பாலும் துரு இருக்கும். பிறகு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள்: கதவுக்குக் கீழே ஓடும் சில், கதவுகளின் அடிப்பகுதி, கால் வைக்கும் ஃப்ளோர், டிக்கியின் தரை, பேட்டரித் தட்டு, கண்ணாடி ரப்பருக்கு அடியில், சக்கரத்துக்கு மேல் வளைவு. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காதவர்கள்தான் அதிகம், முதலில் அதைத் தூக்குங்கள்.

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் சுமையைத் தாங்குகிறது. சில் அரித்துப்போனால் வண்டியின் முதுகெலும்பே அரித்துப்போன மாதிரி. ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு, அதில் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகளைப் பாருங்கள்.

எஞ்சின் ஓடுகிற நிலையில் இருந்தால் தெரிந்த மெக்கானிக்கை வைத்துக் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்துவிடுங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் எஞ்சினைப் பிரிக்க அவசரமில்லை. பணத்தைத் தகரத்துக்கு ஒதுக்கலாம்.

அப்புறம் போட்டோ. உள்ளே, வெளியே, அடியில், பானட்டுக்குள், டேஷ்போர்டுக்குக் கீழே, எல்லாக் குரோம் பட்டைகளும், கைப்பிடிகளும், கம்பெனி எழுத்துகளும். இருநூறு போட்டோ எடுத்தாலும் அதிகமில்லை. கழற்றிய பொருள் எங்கே எப்படி இருந்தது என்பதற்கும், என்னென்ன கொடுத்தோம் என்பதற்கும் அதுதான் சாட்சி.

3. என்ன வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"ரெஸ்டோரேஷன் பண்ணணும்" என்று போய் நின்றால் ஒவ்வொரு பட்டறைக்காரரும் ஒவ்வொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார். தினமும் ஓட்டுகிற மாதிரி வேண்டுமா, கம்பெனியிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரி வேண்டுமா, கல்யாண ஊர்வலத்துக்குப் பளபளப்பாக இருந்தால் போதுமா? மூன்றுக்கும் ஆளும் வேறு, செலவும் வேறு. அசல் வேண்டுமென்றால் பழைய குரோமைச் சீர்செய்து போடவேண்டும், ஓட்ட வேண்டுமென்றால் வயரிங்கைப் புதிதாக இழுத்து ஃபியூஸ் பாக்ஸ் மாற்றிவிடலாம்.

நிறம் மாற்ற ஆசையிருந்தால் அதை ஆர்.சி.யில் ஏற்றவேண்டும் என்பதையும் அந்த வரிக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

4. உங்கள் வண்டிக்கு எந்தக் கை முக்கியம்?

நம் ஊரில் ஒரே கூரைக்கடியில் எல்லா வேலையும் நடக்கும் பட்டறை அபூர்வம். டிங்கர் ஒருவர், பெயிண்டர் ஒருவர், எஞ்சின் மெக்கானிக் ஒருவர், எஞ்சின் சிலிண்டரைக் கடையும் போர் வேலைக்கு லேத், வயரிங்குக்கு எலக்ட்ரீஷியன், சீட்டுக்குக் குஷன் கடை. நீங்கள் பட்டறை என்று நினைத்துப் போகும் இடத்தில் இவர்களில் ஒருவர்தான் முதலாளியாக இருப்பார், மற்ற வேலையை வெளியே கொடுப்பார். தன் கைவேலையில் அவர் சுத்தமாக இருப்பார், மற்றதில் யார் குறைவாகக் கேட்கிறாரோ அவரிடம் தள்ளிவிட வாய்ப்பு இருக்கிறது.

அதனால் இரண்டாவது படியில் கண்ட குறைகளைப் பார்த்து உங்கள் வண்டியில் கனமான வேலை எது என்று முடிவு செய்யுங்கள். தகரம் கனம் என்றால் டிங்கர் முதலாளியாக இருக்கும் பட்டறை. எஞ்சின், கியர் பாக்ஸ் கனம் என்றால் மெக்கானிக் முதலாளி. என் முதல் பட்டறையில் நான் செய்த தவறு இதுதான். அவர் அருமையான பெயிண்டர், ஆனால் என் வண்டிக்குத் தேவைப்பட்டது ஃப்ளோரும் சில்லும். அரித்த தகரத்தின் மேலேயே புதுத் தகரத்தை ஒட்டி, பட்டி பார்த்து, கண்ணாடி மாதிரி பெயிண்ட் அடித்துவிட்டார். ஒரு மழைக்காலம் முடிந்ததும் சில்லில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது.

5. இப்போது விசாரியுங்கள், ஆனால் சரியான ஆட்களிடம்

கார் வைத்திருப்பவர்களைவிட, பட்டறைகளுக்குப் பொருள் விற்பவர்களுக்கும் வேலை செய்து கொடுப்பவர்களுக்கும்தான் உண்மை தெரியும். லேத் பட்டறையில் கேளுங்கள்: "பழைய பெட்ரோல் வண்டி ஹெட்டை ஒழுங்காக் கழுவிக் கொண்டுவர்ற மெக்கானிக் யாருண்ணே?" யார் அளவு எழுதிக் கொண்டுவருகிறார், யார் பாதி பார்ட்ஸோடு வந்து "ஏதாவது பண்ணிக் குடுங்க" என்கிறார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பெயிண்ட் கடைக் கவுண்டரில் நிற்பவருக்கு எந்தப் பெயிண்டர் அடிப்பூச்சுக்குப் பிரைமர் வாங்குகிறார், எவர் மலிவான தின்னர் மட்டும் கேட்கிறார் என்று தெரியும். குஷன் கடைக்காரர் எல்லாப் பட்டறைக்கும் போய்வருகிற ஆள்.

கல்யாணத்துக்குப் பழைய கார் வாடகைக்கு விடுபவர்களும் நல்ல தகவல் தருவார்கள், அவர்கள் வண்டி நடுவழியில் நின்றால் தொழில் கெட்டுவிடும். கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கமும் ஊருக்குள் வெளி வீதிகளை ஒட்டிய சந்துகளிலும் நடந்தே போய்ப் பாருங்கள். போர்டே இல்லாத இடங்களில் நல்ல கைகள் இருக்கின்றன, பெரிய கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வயதானவர்கள் வீட்டு வாசலிலேயே கார்புரேட்டர் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கோயம்புத்தூர், சென்னை என்று அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். கோவையில் இந்த வேலைக்கு நல்ல கைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க மாட்டீர்கள், பார்க்காத வண்டி மூலைக்குப் போய்விடும். வேலைக்குப் போகிற வழியில், டூ வீலரில் அரை மணி நேரத்தில் போய்விடுகிற இடமாகப் பாருங்கள். பார்ட்ஸுக்கு வேண்டுமானால் வெளியூர் போகலாம், சென்னை புதுப்பேட்டையும், அம்பாசடருக்குக் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரும் இருக்கின்றன.

6. முதல் முறை வண்டி இல்லாமல் போங்கள்

இந்தப் படிக்குத்தான் நேரம் ஒதுக்கவேண்டும். மூன்று பட்டறையையாவது பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

முடிந்த வண்டியைக் காட்டுவார்கள். மரியாதைக்குப் பாருங்கள், ஆனால் முடிந்த வண்டியில் பெயிண்ட் எல்லாவற்றையும் மூடியிருக்கும். "பாதி வேலையில இருக்கிற வண்டி ஏதாச்சும் இருந்தா பார்க்கலாமாண்ணே?" என்று கேளுங்கள். நல்லவர் சந்தோஷமாகக் கூட்டிப்போய்க் காட்டுவார், தன் கைவேலை தெரிவது அந்த நிலையில்தான் என்று அவருக்குத் தெரியும்.

பாதி வண்டியில் பார்க்கவேண்டியவை: துருப்பிடித்த தகரத்தை நல்ல தகரம் வரும்வரை வெட்டியிருக்கிறாரா, இல்லை மேலேயே ஒட்டியிருக்கிறாரா? புதுத் தகரத்தின் தடிமன் என்ன கேஜ்? ஃப்ளோருக்கு 18, பாடிக்கு 20 என்று யோசிக்காமல் சொல்லவேண்டும். கேஸ் வெல்டிங்கா, சி.ஓ.2 வெல்டிங்கா? கேஸில் சூடு பரந்து மெல்லிய தகரம் நெளிந்துவிடும், அந்த நெளிவை மறைக்கத்தான் பட்டி தேவைப்படுகிறது. பட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. வெறும் தகரமாக நிற்கும் வண்டிக்குப் பிரைமர் அடித்திருக்கிறதா? அடிக்காமல் நாள்கணக்கில் நின்றால் மேல்துரு ஏறிவிடும், அதன் மேல் அடிக்கும் எதுவும் நிற்காது.

கழற்றிய சாமான்களை எப்படி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் தனி டப்பா, கவரில் பேர் எழுதிய போல்ட் நட்டு என்று இருந்தால் அந்த மனிதரோடு பேச்சைத் தொடரலாம். எல்லாம் ஒரே சாக்கில் கிடந்தால், உங்கள் பத்மினியின் கதவுக் கைப்பிடி இன்னொருவர் வண்டியில் ஏறும். எனக்கு நடந்தது. ஸ்டீயரிங் நடுவில் வரும் ஹார்ன் பட்டன் போனது, அதைத் தேடி எட்டு மாதம் அலைந்தேன்.

கூரையையும் பாருங்கள். திறந்த வெளியில் வண்டிகள் நின்றால் ஐப்பசி மழைக்கு என்ன செய்வார் என்று கேளுங்கள். தூசி படிந்து, டயர் இறங்கி, ஒரு வருடமாக அசையாத வண்டிகள் எத்தனை என்று எண்ணுங்கள். "ஓனர் பணம் தரலை" என்பது உண்மையாகவும் இருக்கலாம். மூன்று வண்டி அப்படி நின்றால் தவறு ஓனர்களிடம் மட்டும் இல்லை.

பிறகு சில கேள்விகள். சோதிக்கிற தொனியில் வேண்டாம், தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேளுங்கள், மனிதர்கள் திறந்து பேசுவார்கள்.

சில் வெட்டும்போது கதவு இடத்துக்குள் சப்போர்ட் வைப்பீர்களா? வைக்காமல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் பாடி நடுவில் இறங்கி, பிறகு கதவு என்ன செய்தாலும் ஒழுங்காக மூடாது. "ஒரு பக்கம் முடிச்சுட்டுத்தான் அடுத்த பக்கம் தொடுவேன்" என்று அவரே சொன்னால் பாதி முடிவாகிவிட்டது.

எஞ்சின் போர் செய்வதென்றால் பிஸ்டன் எப்போது வாங்குவீர்கள்? பிஸ்டனை முதலில் வாங்கி, அதன் அளவுக்குத்தான் லேத்தில் போர் செய்யவேண்டும். முதலில் போர் செய்துவிட்டு அந்த ஓவர்சைஸ் பிஸ்டன் எங்கேயும் கிடைக்காமல் நிற்கும் வண்டிகள் நிறைய.

இப்போதைய பெட்ரோலுக்கு என்ன மாற்றுவீர்கள்? பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் அதில் ஊறிக் கெட்டுவிடும், எத்தனால் தாங்கும் ஹோஸ் போடவேண்டும். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கிற விஷயம் இது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று கையை வீசினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரை நம்புங்கள். ஹெரால்டின் முன்பக்கச் சஸ்பென்ஷனைப் பற்றிக் கேட்டபோது, "அதை நான் தொட்டதில்லைண்ணே, எங்க வாத்தியாரக் கேட்டுட்டுத்தான் கைவைப்பேன்" என்று ஒருவர் சொன்னார். நண்பர் அவரிடம்தான் வண்டியைக் கொடுத்தார், நன்றாக முடித்துக் கொடுத்தார்.

7. ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள்

மனதுக்குப் பிடித்த பட்டறைக்கு உடனே வண்டியை இழுத்துக்கொண்டு போகவேண்டாம். கார்புரேட்டர் சர்வீஸ், வீல் சிலிண்டர் ரப்பர் மாற்றுவது, இல்லை ஒரே ஒரு கதவைக் கழற்றிக் கொடுத்து அடியில் தகரம் மாற்றிப் பிரைமர் அடிப்பது மாதிரி ஒரு வேலை. சொன்ன நாளில் முடிக்கிறாரா, தாமதமானால் அவரே போன் செய்கிறாரா, மாற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கொடுக்கிறாரா, சொன்ன காசுக்கும் வாங்கிய காசுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும்.

கதவு வேலை எனக்குப் பிடித்த சோதனை. அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும், யாரும் பார்க்காத இடத்திலும் வெல்டிங்கைத் தேய்த்துப் பிரைமர் அடித்திருந்தால் அவர்தான் உங்கள் ஆள்.

8. எஸ்டிமேட்

மொத்தமாக ஒரு தொகை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரித்துப் பார்க்காமல் துருவின் ஆழம் யாருக்கும் தெரியாது, அதனால் மொத்தத் தொகை சொல்பவர் ஒன்று அதிகமாக வைத்துச் சொல்கிறார், இல்லை பாதியில் வேலையைச் சுருக்குவார். டிங்கரிங், எஞ்சின், பெயிண்டிங், வயரிங், குஷன், குரோம் என்று தனித்தனியாக, கூலி வேறு பார்ட்ஸ் வேறாக எழுதி வாங்குங்கள். பெயிண்ட் எந்த வகை, என்.சி.யா (நைட்ரோசெல்லுலோஸ்) பி.யு.வா (பாலியூரித்தேன்), எத்தனை கோட் என்பதும் அதில் இருக்கட்டும்.

"பிரிச்ச பிறகு கூடுதல் வேலை வந்தா, போட்டோ அனுப்பிக் கேட்டுட்டுத்தான் செய்யணும்" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். நம் பக்கம் பாதிச் சண்டை இந்த ஒரு வரி இல்லாததால் வருகிறது. ஜி.எஸ்.டி. பில் தருவாரா, வரி உள்ளேயா வெளியேயா என்பதையும் இப்போதே கேளுங்கள். மூன்று எஸ்டிமேட்டில் குறைவானதை எடுப்பது பழக்கம், ஆனால் நீங்கள் காந்தத்தில் கண்டுபிடிக்காத துருவை யார் கண்டுபிடித்து எழுதியிருக்கிறாரோ அவருடையதை எடுங்கள்.

9. எழுத்தும் பணமும்

"நமக்குள்ள எதுக்குண்ணே எழுத்தெல்லாம்" என்பார்கள். முத்திரைத்தாள் கூடக் கட்டாயமில்லை, பட்டறை லெட்டர்ஹெட்டில் இரண்டு பக்கம் போதும். வண்டி எண், சேசிஸ் எண், கூடக் கொடுத்த பொருட்களின் பட்டியல், வேலைகள், ஒவ்வொரு கட்டமும் முடியும் உத்தேசத் தேதி, பணம் எப்போது எவ்வளவு, இரண்டு கையெழுத்து. இதற்கே முகம் சுளிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பணத்தில் என் கணக்கு இது: தொடக்கத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். பிறகு கட்டம் முடிய முடிய, முடிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கடைசிப் பத்துச் சதவீதம் ஓட்டிப் பார்த்த பிறகு. முதல் பட்டறையில் நான் 60 சதவீதத்தை அட்வான்ஸாகக் கொடுத்தேன். அந்தப் பணம் வேறொரு வண்டியின் பார்ட்ஸுக்குப் போய்விட்டது, என் வண்டிக்கு வேலை செய்ய அவர் கையில் பணமும் இல்லை, அவசரமும் இல்லை. பார்ட்ஸுக்கு நீங்களே கடையில் நேரடியாகக் கட்டிவிடுவது இன்னும் நல்லது. எதுவானாலும் யு.பி.ஐ. அல்லது வங்கி வழியாகக் கொடுங்கள், கணக்கு நிற்கும்.

ஆர்.சி. அசலைப் பட்டறையில் விடவே கூடாது, ஜெராக்ஸ் போதும். வெறும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் பட்டறையில் தீப்பிடித்தாலோ திருடு போனாலோ ஒன்றும் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொண்டு, கழற்றிய குரோம், கைப்பிடி, மீட்டர் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

10. வேலையின் வரிசையும் மாதமும்

வேலை இந்த வரிசையில்தான் போகவேண்டும்: பிரிப்பது, தகரம், பிரைமர், அப்புறம் எஞ்சினும் பிரேக்கும் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது, பிறகு பெயிண்ட், வயரிங், கண்ணாடி ரப்பர், கடைசியில் குஷன். எஞ்சின் வேலை லேத்தில் தகர வேலையோடு சேர்ந்தே நடக்கலாம். பெயிண்டுக்கு முன்னால் ஓட்டிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரேக் ஆயில் புதுப் பெயிண்டில் சிந்தினால் பெயிண்ட் அப்படியே கிளம்பிவிடும், எஞ்சினை ஏற்றி இறக்கும்போது விழும் கீறலும் மிச்சம்.

"முதல்ல பெயிண்ட் அடிச்சுடலாம், பார்க்க நல்லாருக்கும்" என்று பெயிண்டை முன்னால் இழுப்பவர், அதைக் காட்டி அடுத்த பணத்தைக் கேட்கப் போகிறார்.

மதுரையில் பெயிண்டுக்கு நல்ல காலம் தை கடைசியிலிருந்து பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறி என்.சி. பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆனி, ஆடியில் காற்று, மூடிய அறை இல்லாத பட்டறையில் பெயிண்டில் மண் ஒட்டிவிடும். அதனால் தகர வேலையை ஆவணி, புரட்டாசியில் ஆரம்பித்து மழைக்குள் பிரைமர் வரை கொண்டுவந்தால் கணக்குச் சரியாக இருக்கும். பொங்கல் வாரத்திலும், சித்திரைத் திருவிழாவிலும், மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் போகும் நாட்களிலும் பட்டறையில் ஆள் இருக்காது, அதையும் சேர்த்தே தேதி போடுங்கள்.

தங்கச்சி கல்யாணத்துக்குள் வேண்டும், தீபாவளிக்குள் வேண்டும் என்று நாள் குறிக்காதீர்கள். நெருக்கினால் முதலில் வெட்டுப்படுவது பிரைமர் காயும் நேரம்தான்.

11. வாரம் ஒருமுறை

குறிப்பிட்ட ஒரு கிழமையில், வேலை நேரத்தில், சொல்லிவிட்டுப் போங்கள். திடீரென்று போய்ப் பிடிப்பது வேண்டாம், அது உறவைக் கெடுக்கும். பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் இருந்து போட்டோ எடுத்து வாருங்கள். மூடப்போகும் இடங்களை மூடுவதற்கு முன்னால் பார்க்கவேண்டும்: பட்டிக்கு முன் தகரம், சில்லின் உட்புறம், எஞ்சின் மூடும் முன் பேரிங். எதை எப்போது மூடப்போகிறார் என்று முந்தைய வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடர்ந்து மூன்று வாரம் ஒன்றுமே நகரவில்லையென்றால் உட்கார்ந்து பேசுங்கள், காரணம் பார்ட்ஸா, ஆளா, பணமா என்று. ஆறு வாரமானால் முடிந்த வேலைக்குக் கணக்கு முடித்து வண்டியை எடுத்துவிடுவதே நல்லது, நான் அதை ஒரு வருடம் தாமதமாகச் செய்தேன். பேச்சுக்கே வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போகவேண்டும். எட்டாவது, ஒன்பதாவது படியில் வாங்கிய காகிதங்கள் அங்கே பேசும்.

12. டெலிவரி நாள்

பகலில், வெயிலில் எடுங்கள், சாயங்காலம் டியூப்லைட்டில் வேண்டாம். கதவுகள் ஒரே விரலால் தள்ளி மூடுகின்றனவா? காந்தத்தை மறுபடி ஓட்டுங்கள். தண்ணீர்க் குழாயைக் கண்ணாடி ரப்பரின் மேல் பத்து நிமிடம் பிடித்துவிட்டு உள்ளே கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். லைட், வைப்பர், ஹார்ன், மீட்டர், ஹேண்ட் பிரேக்.

பிறகு மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்கார வைத்து ரிங் ரோட்டில் 30 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். வெப்ப முள் எங்கே நிற்கிறது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா, சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் உடனே எடுக்கிறதா? நிறுத்தியபின் அடியில் ஒரு அட்டையை விரித்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள், எது எங்கே ஒழுகுகிறது என்று அட்டை காட்டிக்கொடுக்கும். இதெல்லாம் முடிந்தபின் அந்தக் கடைசிப் பத்துச் சதவீதம்.

எஞ்சின் பிரித்த வண்டியென்றால் முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டுகளை மறுபடி டைட் செய்ய அதே பட்டறைக்குக் கொண்டுபோகவேண்டும். அந்த நாளை டெலிவரி எடுக்கும்போதே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.